மகரந்தம் சொல்லும் மழைக் கணக்கு

பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் குற்றாலம். ஆடியில் அங்கே சாரல் நனைக்கும். இங்கே பெரும்பாலும் காற்றுதான். மலையடிவாரத்தில் ஒரு வகை மரங்கள், இங்கே பனையும் உடைமுள்ளும். ஆக, ஒரு இடத்துச் செடிகளைப் பார்த்தே அங்கே மழை எப்படி என்று ஓரளவு சொல்லிவிடலாம். இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மழையையும் இப்படிச் சொல்ல முடியுமா? முடியும் நண்பர்களே!

மகரந்தத் தூளின் வெளித்தோடு மிக உறுதியானது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் விழுந்தால் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாது. 1916-ல் சுவீடனைச் சேர்ந்த லென்னார்ட் ஃபான் போஸ்ட், சேற்றின் ஒவ்வொரு அடுக்கிலும் மகரந்தங்களை எண்ணி வரைபடமாகக் காட்டினார். அதிலிருந்து தொடங்கியது இந்தத் துறை.

நம்ம ஊர்க் குளங்கள் கோடையில் வறண்டு வெடித்துவிடும். அந்த மண்ணில் மகரந்தம் நிலைப்பது கஷ்டம். எப்போதும் ஈரமாக இருக்கும் சதுப்பு வேண்டும். அது நீலகிரியில் இருக்கிறது. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில், செடிகள் முழுதாக மக்காமல் சேர்ந்த கருஞ்சேறு அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். நூறு மகரந்தத்தில் அறுபது புல் என்றால், காட்டில் அறுபது சதம் புல் என்று அர்த்தமில்லை. காற்றில் பரவும் மகரந்தம் ஏராளமாக விழும். பூச்சிகள் சுமக்கும் மகரந்தம் குறைவாகத்தான் விழும். அதனால் முதலில் இன்றைய காட்டின் மேல்மண்ணை எடுத்து, இந்தக் காடு, இவ்வளவு மழை, இப்படி மகரந்தம் என்று ஓர் அகராதி தயாரிக்க வேண்டும். 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இதில் முக்கியமானது. ரேமண்ட் போன்ஃபீயும் அவருடைய குழுவினரும் தென்னிந்திய, இலங்கைக் காடுகளின் இன்றைய மகரந்தத்தை ஆராய்ந்து 1999-ல் வெளியிட்டார்கள். 2001-ல் டோரிஸ் பார்போனியும் அவரும் மகரந்தத்தில் மழையளவின் தடயத்தைத் தேடினார்கள்.

புல் மகரந்தங்கள் மைக்ராஸ்கோப்பில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். எந்த வகைப் புல் என்று பிரிக்க முடியாது. அங்கே கார்பன் கைகொடுத்தது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பன் வகைகளை வேறு வேறு விகிதத்தில் சேர்க்கின்றன. 1993-ல் ரா. சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் நீலகிரிச் சேற்றில் இதை அளந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், இங்கே வறட்சி, புல் ஆதிக்கம். பனியுகம் முடிந்தபோது பருவமழை வலுத்தது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பனியுகத்தில் காற்றில் கரியமில வாயு இன்றைய அளவில் பாதிகூட இல்லை. அதுவும் அந்தப் புற்களுக்குச் சாதகம். ஆக, புல் அதிகம் என்றாலே மழை குறைவு என்று முடிவுகட்ட முடியாது. இன்றைய அகராதியில் இல்லாத சொற்களும் பழைய சேற்றில் உண்டு.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? நீலகிரிப் புல்வெளிகளைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து யூகலிப்டஸும் வாட்டிலும் நட்டார்கள். சேறு சொல்வது வேறு. விவசாயிகள் வந்து காட்டை அழிப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்கே புல் இருந்தது. மரம் நடுவது நல்லதுதான். ஆனால் எங்கே நடுகிறோம் என்று மண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடலாம்.