ஏரிகளின் மீது எழுந்த மாநகரம்

சென்னை மாநகரின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் துறைமுகம், ரயில் பாதை, மேம்பாலம் ஆகியவற்றைக் கணக்கிடுவது வழக்கம். அவ்வளர்ச்சிக்காக இழந்த நீர்நிலைகளைக் கணக்கிடுவோர் குறைவு. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நம் தெருக்களில் தேங்கும் வெள்ளத்தின் வரலாறு இந்த இரண்டாவது கணக்கில்தான் அடங்கியுள்ளது.

சென்னை கடலோரச் சமவெளியில் அமைந்த நகரம். கடல் மட்டத்திலிருந்து இதன் சராசரி உயரம் 7 மீட்டருக்கும் குறைவு. வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு என மூன்று ஆறுகள் கிழக்கு நோக்கிச் சென்று கடலில் கலக்கின்றன. சரிவு குறைந்த இந்நிலத்தில் பெருமழையை எதிர்கொள்ளும் வழியை முன்னோர் அறிந்திருந்தனர். மேட்டிலிருந்து பள்ளம் நோக்கித் தொடர் தொடராக ஏரிகளை அமைத்தனர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரியைச் சென்றடையும். பாசனத்துக்கென உருவான இவ்வமைப்பே வெள்ளத்தின் வேகத்தைத் தணித்தது. நிலத்தடி நீரையும் பெருக்கியது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1639ஆம் ஆண்டில் இங்குக் காலூன்றிய பின்னர் நகரம் விரிவடைந்தது. 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தின்போது, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என வழங்கப்பட்ட நீர்வழி, படகுப் போக்குவரத்துக்கு மட்டுமின்றி வெள்ள வடிகாலாகவும் பயன்பட்டது.

அக்காலத்தில் நகரின் மேற்கு எல்லையாக நுங்கம்பாக்கம், மாம்பலம் பகுதிகளில் நெடிய ஏரி ஒன்று பரந்து கிடந்தது. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து அந்த ஏரி வடிக்கப்பட்டு, தியாகராய நகர் உருவாயிற்று. ஏரி மறைந்தாலும், மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியாவும் அதன் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன.

விடுதலைக்குப் பின்னரும் இப்போக்கு மாறவில்லை. வேளச்சேரி ஏரி சுருங்கியது. பறக்கும் ரயில் பாதையின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயிலேயே ஊன்றப்பட்டன. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியாக அனுப்பும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் பெருகின. 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. அதற்கு ஈடாக வடிகால் வசதி வளரவில்லை.

இதன் விளைவை 2015 டிசம்பரில் கண்டோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. பள்ளிவாசல்கள், கோயில்கள், தேவாலயங்கள் யாவும் வேற்றுமையின்றி மக்களுக்குக் கதவு திறந்தன. மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, இது மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. நான்கு ஆண்டுகளுக்குள், 2019 கோடையில், இதே நகரம் குடிநீர் லாரிக்காகக் குடத்துடன் காத்து நின்றது. வெள்ளமும் வறட்சியும் ஒரே இழப்பின் இரு முகங்கள் அல்லவா?

2021ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது. பல கோடி ரூபாயில் புதிய மழைநீர் வடிகால்கள் கட்டப்பட்டன. எனினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாட்கணக்கில் நீரில் நின்றன. புயலால் கடல் மட்டம் உயரும் வேளையில் ஆற்று முகத்துவாரங்களில் நீர் வடிவது தடைபடும். அப்போது நீரை விரைந்து அனுப்பும் வடிகால் மட்டும் போதாது. அதைத் தாங்கி நிற்கும் ஏரியும் சதுப்பு நிலமும் வேண்டும். 2022ஆம் ஆண்டில் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது, காலம் தாழ்ந்தேனும் கிடைத்த நல்ல அங்கீகாரமாகும்.

இவ்வரலாறு நமக்கும் சில கடமைகளை உணர்த்துகிறது. மனை வாங்குமுன், அது ஏரிப் புறம்போக்கா, வாய்க்கால் புறம்போக்கா என்பதைக் கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டில் பார்த்தறிய வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக நீரின் இடத்தை வாங்கினால், பின்னாளில் வீட்டையும் சேமிப்பையும் ஒருங்கே இழக்க நேரிடும். 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழியைப் பருவமழைக்கு முன் தூர்வார வேண்டும். தெரு வடிகாலில் குப்பை கொட்டாதிருக்க வேண்டும். நீருக்குரிய இடத்தை நீருக்கே விட்டுவைப்பது, நாம் நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் பாதுகாப்பாகும்.