வொல்கா கரையில் ஒரு பொல்கார்



ரஷ்யா என்றதும் எமக்குப் பனியும் மொஸ்கோவும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே வொல்கா நதியின் இடது கரையில், காமா நதி வந்து கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பொல்கார் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இன்றைய தாதர்ஸ்தானில் உள்ள இவ்வூரின் சனத்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. ஆனால் இப்பகுதி மக்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இஸ்லாத்தை ஏற்றவர்கள்.

அவர்களின் மன்னர் அல்மிஷ் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, பக்தாத் கலீபா முக்ததிர் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அதில் வந்த இப்னு பழ்லான் 922 மே மாதம் மன்னரிடம் சேர்ந்தார். கோட்டை கட்டத் தருவதாகச் சொன்ன 4,000 தீனார் மட்டும் வந்து சேரவில்லை. மன்னருக்குக் கடும் கோபம். அதுவரை இப்னு பழ்லான் சொன்னபடி இகாமத்தை ஒற்றையாகச் சொல்லவைத்தவர், பழையபடி இரட்டையாகவே சொல்லுமாறு முஅத்தினுக்குக் கட்டளையிட்டுவிட்டார்! ஷாபிஈ, ஹனபி வேறுபாடு தெரிந்த எமக்கு இதை வாசிக்கையில் சிரிப்பு வராமல் இருக்காது. தாதர் மக்கள் இன்றும் ஹனபிகளே.

இன்னொரு சம்பவம். ஒரு நாள் இஷா பாங்குக்காகக் கூடாரத்தினுள் பேசிக்கொண்டிருந்தார் இப்னு பழ்லான். பாங்கு கேட்டு வெளியே வந்தால் கிழக்கு வெளுத்திருக்கிறது. விசாரித்தபோது, அது சுபஹ் பாங்கு என்றும், இஷாவை மஃரிபோடு சேர்த்தே தொழுதுவிடுவதாகவும் முஅத்தின் சொன்னார். சுபஹ் தவறிவிடுமோ என்ற பயத்தில் அவர் ஒரு மாதமாக இரவில் தூங்கவே இல்லையாம். எமது நாட்டில் வருடம் முழுவதும் மஃரிப் நேரம் ஒரு மணித்தியாலம்கூட மாறுவதில்லை. அங்கேயோ கோடையில் இரவு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நதிதான் இந்த ஊரை வளர்த்தது. வடக்கின் மென்மயிர்த் தோல்கள் படகில் இறங்கி வந்தன, தெற்கிலிருந்து வெள்ளி நாணயங்கள் ஏறிச் சென்றன. 1236இல் மங்கோலியர் அழித்தனர். பிறகு அவர்களின் ஆட்சியிலேயே மறுபடி எழுந்து, கல்லால் பெரிய பள்ளிவாசலும் கட்டப்பட்டது. 1431இல் மொஸ்கோவின் படை வந்து அடித்தது, அத்தோடு நகரம் ஓய்ந்தது. 1722இல் இவ்வழியே வந்த மகா பீட்டர் இடிபாடுகளைப் பாதுகாக்கவும் மீஸான் கற்களின் எழுத்துகளைப் பிரதியெடுக்கவும் உத்தரவிட்டார். ஆனாலும் பெரிய மினாரா 1841இல் சரிந்தது. 2000ஆம் ஆண்டளவில்தான் அதைத் திரும்பக் கட்டினார்கள்.

வளர்த்த நதியே பிறகு ஊரை இடம்பெயர்க்கவும் செய்தது. 1950களில் சோவியத் அரசு வொல்காவை மறித்துப் பெரும் நீர்த்தேக்கம் அமைத்தபோது, அருகிலிருந்த ஸ்பாஸ்க் நகரத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. மக்கள் வீடு வாசலை விட்டுவிட்டு, பழைய இடிபாடுகளுக்குப் பக்கத்தில் புதிதாகக் குடியேறினர். அந்நகரின் பெயரையும் 1935இலேயே குய்பிஷெவ் என்று மாற்றியிருந்தார்கள். 1991இல்தான் பொல்கார் என்ற பெயர் கிடைத்தது.

2014இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. கோடை தோறும் தாதர் மக்கள் இங்கே கூடி, அந்த மினாராவின் அருகில் தொழுகிறார்கள். மேட்டின் கீழே வொல்கா இப்போது கடல் போல அகன்று கிடக்கிறது.