காற்புள்ளி யாருக்குச் சொந்தம்?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜெர்மனியில் ஒரு கிடங்கில் வேலை செய்பவர்களின் வாராந்திர நேரக் கணக்கு எங்களுக்கு சி.எஸ்.வி. ஃபைலாக வரும். வரிக்கு ஒரு ஆள், முதலில் பெயர், அடுத்து நேரம். அதைப் படித்து அறிக்கை தயாரிக்கும் புரோகிராமை நான் எழுதினேன். சோதனை ஓட்டத்தில் ஒரு எரர்கூட வரவில்லை. சந்தோஷமாகத் தூங்கப் போயிட்டேன். காலையில் அங்கே சம்பளக் கணக்கு பார்க்கும் பெண்மணியிடமிருந்து ஒரு வரியில் மெயில். வாரம் முழுக்க வந்தவர்களுக்கு ஏன் பூஜ்யம் காட்டுகிறது என்று கேட்டிருந்தார்.

ஃபைலைத் திறந்தேன். 'ஆன்னா;40,00' என்று இருந்தது. ஜெர்மனியில் தசமக் குறி காற்புள்ளிதான். அதனால் நெடுவரிசைகளை அரைப்புள்ளியால் பிரிக்கிறார்கள். எது பிரிப்பான் என்று நான் புரோகிராமுக்குச் சொல்லவில்லை. பைத்தானில் உள்ள ஸ்னிஃபர் என்ற கருவி ஊகிக்கட்டும் என்று விட்டிருந்தேன். அது காற்புள்ளியில் வெட்டியது. 'ஆன்னா;40' பெயராச்சு, '00' நேரமாச்சு. 38,50 மணி நேரம் உழைத்தவருக்கு 50 மணி.

இது எப்படி நடந்தது என்று தேடப் போனதில்தான் இந்தக் கதை கிடைத்தது.

துளை அட்டைக் காலத்தில் பிரிப்பானே தேவைப்படவில்லை. அட்டைக்கு 80 கட்டம். பெயருக்கு இத்தனை, தொகைக்கு இத்தனை என்று இடம் ஒதுக்கிவிடுவார்கள். ஒரு கட்டம் நகர்ந்தால் எல்லாம் போச்சு. 1972இல் ஐ.பி.எம்.மின் ஒரு ஃபோர்ட்ரான் கம்பைலர் கட்டம் எண்ணும் வேலையைக் குறைத்தது. மதிப்புகளுக்கு நடுவே காற்புள்ளியோ இடைவெளியோ போட்டால் போதும். சி.எஸ்.வி.யின் வேர் இங்கேதான்.

உண்மையில் பிரிப்பதற்கென்றே ஆஸ்கியில் 28 முதல் 31 வரை நான்கு குறிகள் இருக்கின்றன. ஆனால் கீபோர்டில் அவற்றுக்குத் தனிப் பொத்தான் இல்லை, திரையிலும் தெரியாது. பெரிதாக யாரும் சீண்டவில்லை. கைக்கு எட்டிய காற்புள்ளி ஜெயித்தது. என்ன சிக்கல் என்றால், பாதி ஐரோப்பாவில் அது ஏற்கெனவே வேறொரு வேலையில் இருந்தது.

2003 அக்டோபரில் எடை அளவுகளுக்கான 22வது பொது மாநாடு, தசமக் குறியாகப் புள்ளியும் வரலாம், காற்புள்ளியும் வரலாம் என்று தீர்மானம் போட்டது. அதே வருஷம் ஜூலையில் வந்த பைத்தான் 2.3இல்தான் ஸ்னிஃபர் அறிமுகமானது. உலகம் இரண்டும் சரி என்று சொன்ன வருஷத்தில், எது எங்கே என்று மோப்பம் பிடிக்க ஒரு கருவியும் வந்துவிட்டது.

அதன் வழி எளிமையானது. முதலில் மேற்கோள் குறிகளைத் தேடும். அவை இல்லையென்றால் ஒவ்வொரு எழுத்தும் வரிக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும். எல்லா வரியிலும் ஒரே எண்ணிக்கையில் வருவதைப் பிரிப்பான் என்று எடுத்துக்கொள்ளும். என் ஃபைலில் தலைப்பு வரி கிடையாது. வரிக்கு ஒரு அரைப்புள்ளி, ஒரு காற்புள்ளி. இரண்டும் சமம். சமமானால் பார்க்க அதனிடம் ஒரு முன்னுரிமைப் பட்டியல் இருக்கிறது. அதில் முதல் இடம் காற்புள்ளிக்கு. இங்கே எண்ணிக்கை தீர்ப்புச் சொல்லவில்லை. காற்புள்ளியால் பிரிப்பவர்களின் பழக்கம் சொன்னது.

சி.எஸ்.வி.க்கு எழுத்தில் ஒரு விளக்கம் 2005 அக்டோபரில்தான் வந்தது. அந்த ஆர்.எஃப்.சி. 4180கூட தகவலுக்கான ஆவணம்தான், கட்டாயத் தரம் அல்ல. அதற்குள் ஏகப்பட்ட ஃபைல்கள் தம் போக்கில் பிறந்திருந்தன.

2019இல் மூன்று ஆய்வாளர்கள் இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்கள். வெட்டிய பிறகு கட்டங்களுக்குள் இருப்பது எண்ணாகவோ தேதியாகவோ தெரிகிறதா? 'ஆன்னா;40' எதுவாகவும் தெரியாது. அவர்கள் முறை 97 சதவீதம் சரியாகச் சொன்னது. நல்ல எண்தான். ஆனால் மிச்ச மூன்றில் யாருடைய வாரக் கூலி இருக்கும் என்று அது சொல்லாது. தவறான ஊகம் எரர் கொடுக்காது, அதுதான் பயம்.

அன்று அந்தப் பெண்மணிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கூடவே, எதால் பிரிக்கிறீர்கள், தசமத்துக்கு என்ன குறி என்றும் கேட்டேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. அதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.