சப்பான்காரன்

ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புற டீக்கடையில் ஒரு ஜப்பானிய இளைஞர். மாஸ்டர் டீயை நீட்டி, "ரஜினி! முத்து!" என்றார். அவரும் சிரித்துத் தலையாட்டினார். 1998இல் அங்கே ஓடிய அந்தப் படம், கடின உழைப்பு, புல்லட் ரயில். நம்மூரில் ஜப்பான்காரர் என்றால் இப்போது அவ்வளவுதான்.

எங்க ஆயா அப்படிச் சொன்னதில்லை. "எங்க அண்ணன சப்பான்காரன் இட்டுக்கினு போய்ட்டான், அப்புறம் சேதியே இல்ல" என்பார். 1938இல் மலாயாவுக்குக் கூலியாட்கள் போவது தடைபடுவதற்குச் சற்று முன், வடஆற்காட்டிலிருந்து கப்பலேறியவர் அவர். திதி கொடுக்க நாள் தெரியாது.

அந்த 'இட்டுக்கினு போன' இடம் சயாம்–பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர், 1942 முதல் 1943 அக்டோபர் வரை. அங்கே இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் தோட்டத் தமிழர்கள் ஏராளம். காலரா, பட்டினி, அடி. ஆனால் உலகம் அறிந்த கதை 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. இலங்கையின் கித்துல்கலையில்தான் எடுத்தார்கள். அதில் மோதுவது ஜப்பானிய அதிகாரியும் பிரிட்டிஷ் அதிகாரியும். தமிழனுக்கு அதில் இடமில்லை.

சரி, தமிழில்? தமிழ்நாட்டு நினைவில் ஜப்பான்காரர் நேதாஜியின் கூட்டாளி. பிறகு 'ஜப்பானில் கல்யாணராமன்' (1985) காட்டிய வேடிக்கை தேசத்து ஆள். வாளோடு வரும் ஜப்பான்காரரைப் பார்க்க, கடல் கடந்தவர்களிடம்தான் போக வேண்டும். 1938இல் மேடானுக்குப் போய், போர் முடிந்து திரும்பிய ப. சிங்காரம் 'புயலிலே ஒரு தோணி'யில் கொள்ளையரின் வெட்டிய தலைகளைத் தெருவில் காட்சிக்கு வைக்கிற படையைக் காட்டுகிறார். அதே படையின் தயவில் இயங்கும் இந்திய தேசிய ராணுவத்தையும் காட்டுகிறார். இரண்டில் ஒன்றை மறைக்கவில்லை.

ஏன் முக்கியம் என்றால், இரண்டும் ஒரே காலம். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமை ஏற்றபோது, வடக்கே காட்டில் தமிழர்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். ரயில் வேலைக்குத் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. சுதந்திரக் கதையைச் சொல்ல நாம் ஒரு ஜப்பான்காரரை வைத்துக்கொண்டோம். இன்னொருவரை மலேசியத் தமிழர்களிடமே விட்டுவிட்டோம்.

அவர்கள் எழுதினார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. பிறகு அ. ரெங்கசாமி தன் நாவலுக்கு 'நினைவுச்சின்னம்' என்றே பெயர் வைத்தார். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குச் சுமார் 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரோடு. ஆயாவின் அண்ணனுக்கு அப்படி ஒரு கல் இல்லை. அந்தத் தலைப்பைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டீக்கடை இளைஞர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கிளாஸை வைத்துவிட்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டு நடந்தார். அவர் வீட்டிலும் திரும்பி வராத ஒருவர் இருந்திருக்கலாம். கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஆனால் "ரஜினி! முத்து!" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.