சயாமுக்குப் போன சின்னத் தாத்தாவின் பேர் என்ன?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன வருஷம் மகாளய அமாவாசை அன்னிக்கு, நம்ம ஆலயத்துல அண்ணன் தம்பி மூணு பேரும் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தோம். அப்பா பேர், தாத்தா பேர் எல்லாம் சொல்லியாச்சு. கடைசியா குருக்கள், "காருண்ய பித்ருக்கள் யாராவது இருக்காங்களா? வாரிசு இல்லாம போனவங்க, திதி தெரியாதவங்க, அவங்களுக்கும் இன்னிக்கு எள்ளும் தண்ணியும் விடலாம்" என்றார். "சயாம் தாத்தா இருக்காரு" என்றோம். "பேர் சொல்லுங்க" என்றார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மூணு பேருக்கும் பேர் தெரியல.

சயாம் தாத்தான்னா எங்க தாத்தாவோட தம்பி. நாங்க பார்த்ததில்ல, போட்டோவும் கிடையாது. பாட்டி சொன்ன கதைதான் இருக்கு. 1943-ல குளுவாங் பக்கத்துத் தோட்டத்துல இருந்து சயாமுக்கு ரயில் சடக்கு போடப் போனவர். அப்போ இருபது வயசுதான். கிளம்பும்போது, "அண்ணி, மூணு மாசத்துல வந்துடுவேன், என் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கங்க"ன்னு சொன்னாராம். சோத்துக்கே வழியில்லாம மரவள்ளிக்கிழங்கு தின்ன காலத்துல கூட பாட்டி அந்த ஆட்டை விற்கவும் இல்ல, வெட்டவும் விடல. அது கிழடாகித் தானா செத்துச்சு. கொழுந்தனார் மட்டும் வரவே இல்ல.

இளைய தலைமுறைக்காக அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1942 ஜனவரி 31-ல் வெள்ளைக்காரன் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கி, பாலத்தையும் வெடி வைத்து உடைத்தான். பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் சரணடைந்தது. பர்மாவில் இருந்த ஜப்பான் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்பினால் நீர்மூழ்கிக் கப்பல்கள் மூழ்கடித்துவிடும் ஆபத்து. அதனால் தரைவழியே சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். மலையும் காடும் நிறைந்த வழி. 1942 நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17-ல் இரண்டு பக்கத் தண்டவாளமும் சேர்ந்துவிட்டது. சுமார் பதினாறு மாத வேலை.

அந்த வேலைக்கு 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைக் கொண்டுபோனார்கள். அதில் ஏறக்குறைய 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளிகளோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேல் போனார்கள். அதில் பெரும்பாலும் நம்ம தோட்டத்துத் தமிழர்கள்தான். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி வரத்தும் இல்லை. முதலில் நல்ல சம்பளம், மூணு மாசம்தான் என்று ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். சரக்கு ரயில் பெட்டியில் பல நாள் நெருக்கியடித்துப் பயணம். அதற்குப் பிறகு காட்டில் நடை.

1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. போர்க்கைதிகள் கூட்டத்தில் சொந்த டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கணும் என்று கட்டாயப்படுத்த அதிகாரிகள் இருந்தார்கள். நம்ம ஆட்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். ஆசியத் தொழிலாளிகளில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

மதிப்பீடுதான், கணக்கு இல்லை. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 சிப்பாய்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான கல்லில் பேர், படைப்பிரிவு, வயசு எல்லாம் உண்டு. நம்மவர்களுக்கு அதே ஊரில் வாட் தாவோர்ன் புத்த விகாரையில் பேரில்லாதவர்களுக்கான ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அண்மையில் தமிழர்களுக்காக அங்கே ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். அதற்காக உழைத்தவர்களுக்கு நம் நன்றி.

எங்களுக்குப் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை சூப்பர்வைசர் வேலை. தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடிச்சா, எல்லாரையும் திடல்ல நிறுத்தித் தலை எண்ணுவோம். ஒரு தலை குறைஞ்சாலும் உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம். யாரும் நகரக் கூடாது, பேர் சொல்லித் தேடணும். எங்க குடும்பத்துல 80 வருஷமா ஒரு தலை குறையுது. பேர் சொல்லித் தேட யாரும் இல்ல.

அந்தத் தர்ப்பணம் முடிஞ்ச அடுத்த ஞாயிறு, சிகாமட்டுல இருக்கிற எங்க அத்தையைப் பார்க்கப் போனோம். அப்பாவோட அக்கா. வயசு 87. கேட்ட உடனே பேரைச் சொன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க. "ஏன் அத்தை இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டோம்.

அப்போதுதான் பாட்டி சொல்லாத மீதிக் கதை தெரிஞ்சது. வீட்டுக்கு ஒரு ஆம்பளைன்னு கிராணி எழுதின பேர் சின்னவர் பேர் இல்ல, எங்க தாத்தா பேர். மறுநாள் பெரட்டுல அந்தப் பேரைக் கூப்பிட்டப்போ, "நான்தான்"னு தம்பி முன்னால போய் நின்னுட்டாராம். எங்க அப்பாவுக்கு அப்போ ரெண்டு வயசு. தாத்தா வாயைத் திறக்கல. அதுக்கப்புறம் வீட்டுல தம்பி பேரை யார் சொன்னாலும் தாத்தா எழுந்து வெளியே போயிடுவாராம். அதனால எல்லாரும் சொல்றதையே விட்டுட்டாங்க. தாத்தா சாகிற வரைக்கும் ரயில் ஏறாதது மட்டும் எங்களுக்குத் தெரியும். காரணம் இப்பத்தான் புரியுது.

ஆக, அந்தக் காட்டில் யாராவது பேர் எழுதி வைத்திருந்தாலும் அதில் எங்க தாத்தா பேர்தான் இருந்திருக்கும். சின்னவருடைய சொந்தப் பேர் எங்க அத்தை ஞாபகத்துல மட்டும்தான் இருந்துச்சு. அவங்க போயிருந்தா அதுவும் போயிருக்கும். அவர் போகலன்னா நாங்க மூணு பேரும் இன்னிக்கு இல்ல.

உங்க வீட்டிலும் "சயாமுக்குப் போனவர்" ஒருத்தர் இருக்கலாம். ஜோகூர்ல தோட்டத்துலருந்து வந்த குடும்பங்கள்ல இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. வீட்டுல வயசானவங்க இருந்தா இந்த வாரமே பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. ஆலய முகப்பில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பேர், தோட்டம், உங்களுக்கு என்ன உறவு, இவ்வளவு எழுதினால் போதும். பேர் கிடைக்கலன்னா "இன்ன தோட்டத்துப் பெரியப்பா" என்றாவது எழுதுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. வர்ற மகாளய அமாவாசை அன்று ஒவ்வொரு பேராகப் படித்து மோட்ச தீபம் ஏற்றுவோம்.

முதல் வரியில் அத்தை சொன்ன பேரை எழுதியாச்சு. அடுத்த வரி உங்களுக்காகக் காலியா இருக்கு.

அம்பாள் துணை.