யார் பணத்தில் யாருக்குப் பாதுகாப்பு?

பெண்களின் பாதுகாப்புக்கென்று நாடு தனியாகப் பணம் எடுத்துவைத்ததற்கு ஒரு தேதி உண்டு. 2012 டிசம்பர் டெல்லிக் கொடூரத்துக்குப் பின், 2013 பிப்ரவரி பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. அதன் 'பாதுகாப்பான நகரம்' திட்டத்துக்கு எட்டுப் பெருநகரங்கள் தேர்வாயின. சென்னை அதில் ஒன்று. வடக்கே திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பெருநகரம் அல்ல. ஆனால் ஷிப்ட் முடிந்து இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

அதே 2013இல் இரண்டு சட்டங்கள் வந்தன. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்வோருக்கும், முதலாளி மீதே புகார் சொல்வோருக்கும் மாவட்டந்தோறும் ஒரு குழுவை அமைக்கச் சொன்னது. தொண்டு நிறுவனத்தினரும் அதில் உட்கார வேண்டும். கம்பெனிகள் சட்டமோ, பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொன்னது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை.

2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. பெரிய அமைப்பு தான் பெற்ற பணத்தைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துத் தருவது நின்றது. வாடகை, கணக்கெழுத்து போன்ற நிர்வாகச் செலவின் வரம்பு 50இலிருந்து 20 சதவீதமானது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது. தொழிற்பேட்டையின் சிறிய பெண்கள் அமைப்பு இனித் தட்டக்கூடிய பெரிய கதவு, தொழிற்சாலையின் கதவுதான். தையல் மெஷினுக்கும் தெருவிளக்குக்கும் அங்கிருந்து பணம் வரலாம். சூப்பர்வைசர் மீதான புகாரை எழுதித் தரும் பெண்ணின் சம்பளத்துக்கு வருமா? அந்தச் சம்பளம் கம்பெனியின் தயவாக இல்லாமல், மக்கள் வரிப்பணத்திலிருந்து உரிமையாக வர வேண்டும் என்கிறேன். எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. கொடுத்தவரையே கேள்வி கேட்க முடியுமா என்றும் கேட்போம்.