தேயிலையும் சாயாவும்: லூ யூவின் வாழ்வும் நூலும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாயிலை அடுத்துத் தொடங்கும் சாலைக் கடைத்தெருவில் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. பலசரக்குக் கடையில் பொட்டலமாக வாங்குவது 'தேயிலை'. அதனைக் கொதிநீரில் இட்டுக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தருவது 'சாயா'. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே இலைக்குத் தேயிலை, பானத்திற்குத் தேநீர் அல்லது டீ என ஒரே வேரே பயில்கிறது. மலையாளமும் அதனோடு அருகிருந்து வாழும் திருவனந்தபுரத் தமிழும் மட்டும் இலைக்கு ஒரு வேரையும் பானத்திற்கு மற்றொரு வேரையும் கொண்டுள்ளமை நோக்கத்தக்கது.

'தே', 'சா' என்னும் இவ்விரு வேர்களும் சீனத்தின் ஒரே எழுத்துக்கு அமைந்த இரு வட்டார ஒலிப்புகளாகும். அவ்வெழுத்து இன்றைய வடிவில் நிலைபெறத் துணைநின்ற நூல் 'சா ஜிங்'. அதனை இயற்றியவர் தாங் அரச மரபின் காலத்தில் வாழ்ந்த லூ யூ (கி.பி. 733-804). பிற்காலத்தார் இவரைத் தேநீர்க் கடவுளாக்கி வணங்கினர். அவ்வணக்கம் நூலாசிரியராகிய லூ யூவைப் பெரிதும் மறைத்துவிட்டது எனலாம்.

பிறப்பும் கல்வியும்

லூ யூவின் இளமையை அறிய, அவரே 761இல் தம் இருபத்தொன்பதாம் அகவையில் எழுதிய தன்வரலாறு கிடைத்திருப்பது நற்பேறாகும். இன்றைய ஹூபெய் மாநிலத்துத் தியன்மென் பகுதியில் பெற்றோர் அற்ற குழந்தையாக இருந்த அவரை ஜீஜி என்னும் புத்தத் துறவி தம் மடத்தில் வளர்த்தார். துறவி புத்த நூல்களைக் கற்பிக்க முனைந்தார். சிறுவனோ கன்பூசியரின் நூல்களையே கற்க விரும்பினான். அதற்குத் தண்டனையாக மடத்தைப் பெருக்குதல், கழிப்பிடம் தூய்மை செய்தல், சுவருக்குச் சேறு மிதித்தல், மாடு மேய்த்தல் ஆகிய பணிகள் அவன்மேல் சுமத்தப்பட்டன. எழுதத் தாள் இல்லாமையால் மாட்டின் முதுகில் மூங்கிற் குச்சியால் எழுதிப் பழகினான். ஒருமுறை ஜாங் ஹெங் என்னும் புலவரின் செய்யுள் ஒன்று கைக்குக் கிடைத்தது. படிக்கத் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, சுவடியை விரித்து வைத்துக்கொண்டு, வாயை மட்டும் அசைத்தான் என்கிறது தன்வரலாறு. கல்வி மறுக்கப்பட்டவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளில் இதற்கு இணையான காட்சியைக் காண்டல் அரிது.

மடத்தை விட்டு ஓடிக் கூத்தர் குழுவில் சேர்ந்தார். 746இல் அப்பகுதிக்கு ஆளுநராக வந்த லீ சீவூ அவர்தம் அறிவைக் கண்டு நூல்கள் அளித்து ஊக்கினார். தாம் அழகற்றவர் என்றும் திக்குவாய் உடையவர் என்றும் லூ யூ ஒளியாது எழுதுகிறார். 755இல் ஆன் லூஷான் கிளர்ச்சி மூண்டது. மக்கள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே பெயர்ந்தபோது அவரும் யாங்சி ஆற்றைக் கடந்து, 760 அளவில் இன்றைய ஜெஜியாங் மாநிலத்து ஹூஜௌ நகரை அடைந்தார். கவிஞரும் துறவியுமாகிய ஜியாவ்ரான் அங்கு அவருக்கு உற்ற நண்பரானார். 773இல் ஹூஜௌவின் ஆளுநராக வந்த யான் ஜென்சிங் பெரும் சொற்றொகுதி ஒன்றை அறிஞர் குழுவைக் கொண்டு தொகுப்பித்தார். அக்குழுவில் லூ யூவும் ஒருவர். அவர் சொல்லாராய்ச்சியில் பயின்ற கை என்பதற்கு இச்செய்தி சான்றாகும்.

'ஜிங்' என்னும் பெயர்

'சா ஜிங்' மூன்று சுருள்கள், பத்து இயல்கள் கொண்டது. ஏறத்தாழ 7,000 எழுத்துகளே உடைய சிறுநூல். செடியின் தோற்றம், இலை பறிக்கும் கருவிகள், இலையை அவித்து இடித்து வில்லையாக்கும் முறை, இருபத்துநான்கு கலங்கள், காய்ச்சும் முறை, பருகும் முறை, பழஞ்செய்திகள், விளையும் இடங்கள் என நூல் விரிகிறது. மலைநீர் சிறந்தது, ஆற்றுநீர் இடைப்பட்டது, கிணற்றுநீர் கடைப்பட்டது என நீரைத் தரம் பிரிக்கிறார். கொதிநிலையை மீன்கண் போன்ற குமிழி, விளிம்பில் கோத்த முத்துப் போன்ற குமிழி, பொங்கும் அலை என மூன்றாகப் பகுக்கிறார். வெங்காயத் தாள், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல் முதலியன இட்டுக் கொதிக்கவைத்த அக்கால வழக்கத்தை, சாக்கடையில் கொட்டத்தக்க நீர் எனக் கடிகிறார். உப்பு ஒன்றையே அவர் ஏற்றார். இஞ்சியும் ஏலமும் இட்ட தேநீரை விரும்பும் நம்மவர் அவரிடம் தப்பியிருக்க இயலாது.

நூலின் துணிவு அதன் பெயரில் உள்ளது. 'ஜிங்' என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் பாவுநூலைக் குறித்த சொல். அதுவே கன்பூசிய மரபின் முதன்மை நூல்களுக்கும், பின்னர்ப் புத்த சூத்திரங்களுக்கும் பெயராயிற்று. தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறித்தலும், நன்னூல் பாயிரம் நூலியற்றுதலைப் பஞ்சிலிருந்து இழை நூற்றலோடு ஒப்பிடுதலும் தமிழறிஞர் நன்கறிந்தவை. தமிழில் இப்பெயர் எல்லா நூலுக்கும் உரியது. சீனத்தில் 'ஜிங்' மறைக்கு நிகரான மதிப்புப் பெயர். வளர்த்த துறவி கற்பிக்க விரும்பிய நூல்களும், தாம் கற்க விரும்பிய நூல்களும் தாங்கிய அப்பெயரை, எளியவர் பருகும் ஒரு பானத்தைப் பற்றிய நூலுக்கு அவர் சூட்டினார்.

முதலியலிலேயே சொல்லாராய்ச்சி தொடங்கிவிடுகிறது. இவ்வெழுத்தைச் சிலர் புல் உறுப்போடும் சிலர் மர உறுப்போடும் சிலர் இரண்டையும் சேர்த்தும் எழுதுவர் எனக் கூறி, செடிக்குரிய ஐந்து பெயர்களைத் தொகுக்கிறார். கசப்புடைய பிற செடிகளையும் குறித்துவந்த பழைய எழுத்தில் ஒரு கோட்டைக் குறைத்து அமைந்த 'சா' எழுத்து, தாங் காலத்தில் தனி வடிவாக நிலைபெற்றது. ஐந்தனுள் அதனையே லூ யூ முதலில் வைத்தார்.

முப்பது காசு

நூல் புகழ் பெற்றது. ஆயினும் புகழின் தன்மை வேறாக இருந்தது. உயர் அலுவலர் ஒருவர் லூ யூவைத் தேநீர் காய்ச்ச அழைத்தார் என்றும், நாட்டுப்புற உடையில் வந்த அவரை இகழ்ந்து, காய்ச்சியவருக்குக் கூலியாக முப்பது காசு கொடுக்கச் செய்தார் என்றும், நாணமுற்ற லூ யூ தேநீரைப் பழித்து ஒரு கட்டுரை வரைந்தார் என்றும் ஃபெங் யான் என்னும் தாங் கால எழுத்தாளர் பதிவு செய்துள்ளார். அறிஞர் கூலியாளாகக் கொள்ளப்பட்ட இந்நிகழ்வு, அவரைப் போற்றும் பிற்காலக் கதைகளில் அருகியே பேசப்படுகிறது.

மற்றொரு பதிவு இன்னும் வியப்பானது. குயவர் லூ யூவின் உருவைப் பீங்கானில் செய்து, தேநீர்க் கலங்கள் பலவற்றை வாங்குவோருக்கு ஒன்று இலவசமாக அளித்தனர். தேநீர் வணிகர் அதனை வைத்து வணங்கினர். விற்பனை குறைந்த நாளில் அதன் தலையில் நீரை ஊற்றினர். 'புதிய தாங் வரலாறு' இவரை ஒதுங்கி வாழ்ந்தோர் வரிசையில் வைத்தது. சொற்றொகுதிக் குழுவில் இருந்த அறிஞர் இவ்வாறு கடைக்குரிய சிறுதெய்வம் ஆனார்.

சொல் வந்த வழி

விளைநிலங்களைக் கூறும் எட்டாம் இயலில், சில மாவட்டங்களின் இலை பற்றித் தமக்கு விரிவாகத் தெரியாது என்றும், எப்போதேனும் கிடைக்கும்போது அதன் சுவை மிக நன்றாக உள்ளது என்றும் லூ யூ எழுதுகிறார். அவற்றுள் இன்றைய ஃபூஜியான் பகுதி மாவட்டங்களும் அடங்கும். அவர் அறியாது விட்ட அப்பகுதியின் தென்கரையில்தான் அவ்வெழுத்து 'தே' என ஒலிக்கிறது. அக்கரைத் துறைமுகமாகிய குவான்ஜௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயிலின் சிதைவுகளும் கிடைத்துள்ளன. எனவே தமிழ் வணிகரே 'தே'யைக் கொண்டுவந்தனர் எனக் கூற ஆவல் எழுவது இயல்பு. ஆயினும் அச்சொல் 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர் வழியே ஐரோப்பாவுக்குப் பரவி, ஐரோப்பியத் தொடர்பாலேயே தமிழுக்கு வந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

'சா' பெரிதும் தரைவழி நடந்தது. நடு ஆசியாவையும் பாரசீகத்தையும் கடந்து 'சாய்' ஆகி, வட இந்திய மொழிகளில் பயின்று, மலையாளத்தில் 'சாய' ஆயிற்று. திருவிதாங்கூர் மலைகளில் இலைநோயால் காப்பி அழிந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேயிலை பரவியபோது, அதனைப் பறித்தவர் பெரும்பாலும் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர். அவர்கள் கூடையில் நிறைத்தது 'தேயிலை'. அவ்விலை மலையிறங்கிக் கிழக்கேகோட்டைக் கடையில் கொதிநீர் கண்டதும் 'சாயா' எனப் பெயர் மாறுகிறது.